பராமரிப்பு முடிந்த இயங்குதளத்தில் வரைகலை இயக்கியை நிறுவுதல்: ‘ஆதரவு’ என்னும் சொல்லின் மூன்று பொருள்கள்

ஆய்வுச் சுருக்கம்

தமிழாய்வில் கணினியின் பங்கு பெருகிவரும் இக்காலத்தில், பழைய கணினிகளிலும் பழைய இயங்குதளங்களிலும் உருவாக்கப்பட்ட தரவுகளையும் நிரல்களையும் தொடர்ந்து பயன்படுத்த வேண்டிய தேவை ஆய்வாளர்க்கு எழுகிறது. அவ்வாறு பயன்படுத்த முயல்வோர் முதலில் எதிர்கொள்ளும் தடைகளுள் ஒன்று திரைக்குரிய வரைகலை இயக்கியை நிறுவுதலாகும். ‘இப்பதிப்புக்கு ஆதரவு இல்லை’ என்னும் ஒற்றைத் தொடர் பராமரிப்பு, பொருத்தம், கிடைப்பு ஆகிய மூன்று வெவ்வேறு செய்திகளை ஒன்றாக்கிக் காட்டுகிறது என்பதும், இம்மூன்றையும் பிரித்தறிந்தாலன்றிச் சரியான தீர்வை அடைய இயலாது என்பதும் இக்கட்டுரையின் கருத்து. டெபியன் 10 இயங்குதளமும் ஜிஃபோர்ஸ் 210 வரைகலை அட்டையும் கொண்ட ஒரு கணினி இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கட்டற்ற மென்பொருள், இயங்குதளம், வரைகலை இயக்கி, கெர்னல், டெபியன், பாஸ் லினக்ஸ், சொல்லடைவு, தரவுப் பாதுகாப்பு.

1. முன்னுரை

கொங்குநாட்டுக் கல்வெட்டுகளின் சொல்லாட்சியை ஆராயும் இக்கட்டுரையாளருக்கு, அதே துறையில் முன்னர் ஆய்வு செய்த ஒருவர் உருவாக்கிய சொல்லடைவு நிரலும் அதற்குரிய தரவுகளும் கிடைத்தன. அந்நிரல் பைத்தான் மொழியின் 2ஆம் பதிப்பிலும், சாளரங்களை வரைவதற்குரிய க்யூடி 4 நூலகத்திலும் எழுதப்பட்டது. பைத்தான் 2இன் பராமரிப்பு 2020 சனவரி 1ஆம் நாளோடு முடிவுற்றது. டெபியன் 11இல் க்யூடி 4 இல்லை. டெபியன் 12இல் பைத்தான் 2உம் இல்லை. இரண்டையும் ஒருங்கே கொண்ட கடைசி டெபியன் பதிப்பு 2019 சூலையில் வெளிவந்த டெபியன் 10 ஆகும். நிரலைப் புதிதாக எழுதுவதே முறையான தீர்வு எனினும், அதற்கு முன் பழைய நிரல் தரும் விடைகளை உள்ளவாறே பெற்று ஒப்பிட்டாக வேண்டும். இல்லையெனில் புதிய நிரலின் எண்ணிக்கை சரியா தவறா என்பதை உறுதிசெய்ய வழியில்லை.

இதற்கெனக் கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் திவான் பகதூர் சாலையை ஒட்டிய தெருவொன்றில், பழைய கணினிகளைச் செப்பனிட்டு விற்கும் கடையிலிருந்து ஒரு மேசைக்கணினி வாங்கப்பெற்றது. அதில் ஜிஃபோர்ஸ் 210 என்னும் வரைகலை அட்டை இருந்தது. டெபியன் 10ஐ நிறுவியவுடன் திரை எழுந்தது, நிரலும் ஓடியது. ஆயின் கல்வெட்டு மைப்படிகளின் பெரிய படங்கள் இரண்டை அருகருகே திறந்து உருப்பெருக்கிய போதெல்லாம் திரை உறைந்துபோயிற்று. வேறு இயக்கியை நிறுவலாம் என்று தேடியபோது கிடைத்த விடை, இயங்குதளத்துக்கும் ஆதரவு இல்லை, அட்டைக்கும் ஆதரவு இல்லை என்பதே. அவ்விடை எந்த அளவுக்கு உண்மை என்பதை ஆராய முற்பட்டதன் விளைவே இக்கட்டுரை.

2. கலைச்சொற்கள் குறித்து

கணினியின் உறுப்பு ஒன்றுக்கும் இயங்குதளத்துக்கும் இடையே நின்று, இயங்குதளத்தின் கட்டளையை அவ்வுறுப்புக்குப் புரியும் வகையில் மாற்றித்தரும் நிரலே ‘இயக்கி’. சிலப்பதிகாரத்தில் ஒரு பெண்தெய்வத்தைச் சுட்டும் இச்சொல், கணினித் தமிழில் ‘டிரைவர்’ என்பதற்கு ஈடாக நிலைபெற்றுவிட்டது. இயங்குதளத்தின் மையப் பகுதி பேச்சு வழக்கிலும் எழுத்து வழக்கிலும் ‘கெர்னல்’ என்றே வழங்குவதால் இங்கும் அச்சொல்லே கையாளப்படுகிறது.

இடர்ப்பாடு தருவது ‘ஆதரவு’ என்னும் சொல். ‘ஆதரவற்ற பதிப்பு’ என்று எழுதினால், கைவிடப்பட்டது, போக்கிடமற்றது என்னும் பொருளே தமிழில் முந்தி நிற்கும். அப்பொருள் படிப்பவரை இரு தவறான முடிவுகளுள் ஒன்றுக்குத் தள்ளுகிறது. ஒன்று, இனி எதுவும் செய்வதற்கில்லை எனக் கணினியை ஒதுக்கிவிடுதல். மற்றொன்று, எப்படியேனும் ஓடினால் போதும் எனக் கிடைத்ததையெல்லாம் நிறுவிப் பார்த்தல். உண்மையில் ‘ஆதரவு இல்லை’ என்பது பின்வரும் மூன்றில் ஒன்றையோ பலவற்றையோ குறிக்கலாம்.

முதலாவது, பராமரிப்பு நின்றது: பிழைகளையும் பாதுகாப்புக் குறைகளையும் திருத்துவோர் இப்போது இல்லை. இரண்டாவது, பொருத்தம் இல்லை: இயக்கியும் கெர்னலும் ஒன்றோடொன்று இணைந்து இயங்கா. மூன்றாவது, கிடைப்பிடம் மாறியது: தேவையான தொகுப்பு உள்ளது, ஆனால் வழக்கமான களஞ்சியத்தில் இல்லை. பராமரிப்பு நின்றுவிட்டதனால் பொருத்தமும் இல்லை என்றோ, வழக்கமான இடத்தில் கிடைக்கவில்லை என்பதனால் எங்குமே இல்லை என்றோ கொள்ளல் பிழையாகும்.

3. இயக்கி பழமையடைவது ஏன்?

லினசு டோர்வால்ட்சு 1991இல் தொடங்கிய லினக்சு கெர்னல் இரண்டு எல்லைகளைக் கொண்டது. பயன்பாட்டு நிரல்களை நோக்கிய வெளியெல்லை மாறாமல் காக்கப்படுகிறது. பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய நிரலும் புதிய கெர்னலில் ஓட வேண்டும் என்பது அதன் உறுதியான கொள்கை. இயக்கிகளை நோக்கிய உள்ளெல்லைக்கு அத்தகைய உறுதி ஏதும் இல்லை. உட்செயல்களின் பெயரும் அமைப்பும் பதிப்புக்குப் பதிப்பு மாறலாம். இதனைக் குறையாகவன்றிக் கொள்கையாகவே விளக்கி கிரெக் குரோவா-ஹார்ட்மன் எழுதிய குறிப்பு கெர்னல் மூலநிரலோடு சேர்த்தே வழங்கப்படுகிறது.

கெர்னலின் மூலநிரலுக்குள்ளேயே இடம்பெற்றுள்ள இயக்கிக்கு இம்மாற்றத்தால் கேடில்லை. உட்செயலொன்றை மாற்றுபவரே அதனைப் பயன்படுத்தும் எல்லா இயக்கிகளையும் உடன் திருத்திவிடுவது வழக்கம். இன்டெல் வரைகலைக்குரிய ஐ915, பழைய ரேடியான் அட்டைகளுக்குரிய ரேடியான், என்விடியா அட்டைகளுக்கெனத் தன்னார்வலர் எழுதி 2010இல் கெர்னலின் 2.6.33ஆம் பதிப்பில் சேர்ந்த நூவோ ஆகியன இவ்வகையின. மூலநிரலுக்கு வெளியே நிற்கும் மூடிய இயக்கியோ, தயாரிப்பு நிறுவனம் தன் கையால் திருத்தும் வரையில்தான் புதிய கெர்னலோடு பொருந்தும்.

தமிழாய்வாளர்க்கு இவ்வேறுபாட்டை உணர்த்தச் சுவடி மரபே போதும். பனையோலையின் வாழ்நாள் எல்லைக்குட்பட்டது. நூல் வாழ்ந்தது ஓலை வாழ்ந்ததனால் அன்று. தலைமுறைதோறும் யாரேனும் பெயர்த்தெழுதியதனால். பெயர்த்தெழுத இசைவில்லாத சுவடி எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருப்பினும் ஓலையோடு முடியும். மூலநிரல் திறந்த இயக்கி கெர்னலின் ஒவ்வொரு பதிப்பிலும் பெயர்த்தெழுதப்படும் சுவடியை ஒத்தது. மூடிய இயக்கி ஓர் ஓலைக்கட்டு மட்டுமே.

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தோற்றமே ஓர் இயக்கியோடு தொடர்புடையது என்பது இங்கு நினைக்கத்தக்கது. எம்.ஐ.டி. ஆய்வகத்தில் பணியாற்றிய ரிச்சர்டு ஸ்டால்மன், அங்கிருந்த ஜெராக்சு அச்சுப்பொறியின் இயக்கியைத் திருத்த விரும்பியும் மூலநிரல் மறுக்கப்பட்டதைத் தம் கொள்கைக்கு வித்திட்ட நிகழ்ச்சிகளுள் ஒன்றாகக் கூறியுள்ளார். 1983இல் அவர் க்னூ திட்டத்தை அறிவித்தார்.

என்விடியாவின் மூடிய இயக்கிகள் வரிசை எண்களால் வேறுபடுகின்றன. ஜிஃபோர்ஸ் 8, 9, 100, 200, 300 வகை அட்டைகளுக்கு உரியது 340ஆம் வரிசை. அதன் கடைசி வெளியீடாகிய 340.108 2019 திசம்பரில் வந்தது. 400, 500 வகைகளுக்குரிய 390ஆம் வரிசை 2022ஓடு நின்றது. 2022 மே மாதத்தில் அந்நிறுவனம் கெர்னல் பகுதியின் மூலநிரலைத் திறந்து வெளியிட்டது; எனினும் அது 2018இல் அறிமுகமான டூரிங் தலைமுறையையும் அதற்குப் பிந்தியவற்றையும் மட்டுமே தழுவியது. ஜிஃபோர்ஸ் 210க்கு அதனால் பயன் ஒன்றுமில்லை.

4. தமிழ்நாட்டுச் சூழல்

இச்சிக்கல் தமிழ்நாட்டில் ஒருசிலருக்கு மட்டும் உரியதன்று. சென்னையில் சி-டாக் நிறுவனத்தையும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.யு.-கே.பி.சி. மையத்தையும் கொண்டு 2005இல் கட்டற்ற, திறமூல மென்பொருளுக்கான தேசிய வள மையம் அமைக்கப்பட்டது. அதன் வழியாக டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்சு 2007இல் வெளிவந்தது. எல்காட் நிறுவனம் 2006ஐ ஒட்டிய ஆண்டுகளில் சூசே லினக்சுக்கு மாறியது. 2011 செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோசோடு பாஸ் லினக்சும் இணைத்து மாணவர்க்கு வழங்கப்பட்டது. 2010 சூனில் கோயம்புத்தூரில் நடைபெற்ற உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டோடு தமிழ் இணைய மாநாடும் நிகழ்ந்தது. ஒருங்குறியை ஏற்கும் அரசாணையும் அதே மாதத்தில் வெளிவந்தது. தரவை எழுதும் முறைக்கு ஒரு தரம் வந்துவிட்டது. தரவைத் திறந்து காட்டும் கணினியைப் பல்லாண்டுகள் இயக்கி வருவது பற்றிய சிந்தனை அந்த அளவுக்கு வளரவில்லை.

இக்கட்டுரையாளர் பள்ளிப் பருவத்தில் பெற்ற அரசு மடிக்கணினியில் இருப்பது இன்டெல் வரைகலை. பாஸ் லினக்சில் தொடங்கிய அக்கணினி, இன்று டெபியன் 12இல், தனியாக இயக்கி எதையும் நிறுவாமலே முழுத்தெளிவோடு திரையைக் காட்டுகிறது. அதனினும் ஆற்றல் மிக்கதெனக் கருதி விலைகொடுத்து வாங்கிய மேசைக்கணினியோ இயக்கிக்காகப் பல நாள் அலையவைத்தது. விலையும் வேகமும் தராத நீடிப்பை மூலநிரலின் திறப்பு தந்துள்ளது என்பதற்கு இவ்விரு கணினிகளும் சான்று.

5. நான்கு நிலைகள்

முற்கூறிய மூன்று பொருள்களையும் கொண்டு நோக்கின், ஆய்வாளர் எதிர்கொள்ளக்கூடிய நிலைகளை நான்காக வகுக்கலாம்.

(அ) பழைய இயங்குதளமும் அதே காலத்துப் பழைய அட்டையும். டெபியன் 10இல் ஜிஃபோர்ஸ் 210 இந்நிலையது. பராமரிப்பு இரண்டுக்கும் இல்லை. பொருத்தம் முழுமையாக உண்டு. கிடைப்பிடம் மட்டும் மாறியுள்ளது. டெபியன் 10 தன் வாழ்நாள் முழுவதும் 4.19ஆம் வரிசைக் கெர்னலையே கொண்டிருந்தது. அதற்கெனவே தொகுக்கப்பட்ட 340.108 இயக்கி அதன் ‘நான்-ஃப்ரீ’ பிரிவில் உள்ளது.

(ஆ) புதிய இயங்குதளமும் பழைய அட்டையும். டெபியன் 12இல் ஜிஃபோர்ஸ் 210 இதற்குச் சான்று. இயங்குதளத்துக்குப் பராமரிப்பு உண்டு. மூடிய இயக்கி பொருந்தாது. நூவோ இயக்கியே வழி. அது அட்டையின் கடிகார வேகத்தைத் தானாக உயர்த்துவதில்லை. ஆயினும் எழுதுவதற்கும் படிப்பதற்கும் போதுமானது.

(இ) பழைய இயங்குதளமும் புதிய அட்டையும். 2018 அக்டோபரில் வெளிவந்த 4.19 கெர்னல், 2021 இறுதியில் வந்த இன்டெல் 12ஆம் தலைமுறை வரைகலையை அறியாது. புதிய கெர்னலும் மேசா நூலகமும் நிலைச்சாதனக் கோப்புகளும் சேர்ந்தே வேண்டப்படும். இவற்றைப் பழைய தளத்தில் திணிப்பதைவிட, புதிய தளத்தை நிறுவி அதனுள் பழைய தளத்தை மெய்நிகர் கணினியாக ஓட்டுதல் எளிது.

(ஈ) கெர்னலுக்குள்ளேயே இயக்கி அமைந்த அட்டை. முன்னர்க் கூறிய அரசு மடிக்கணினி இவ்வகை. இங்கு நிறுவுதல் என்னும் வினையே எழுவதில்லை.

இவ்வகுப்பைச் செய்யாமல் தொடங்கியதே இக்கட்டுரையாளர் செய்த முதற்பிழை. நிலை (அ)வில் இருந்த கணினிக்கு நிலை (இ)க்குரிய மருந்தைத் தேடினார். தயாரிப்பாளரின் புதிய இயக்கி வரிசையொன்றை இறக்கி, அறிவுறுத்தலை முழுதும் படிக்குமுன்பே நூவோவை முடக்கிவிட்டார். புதிய வரிசை அவ்வட்டையை ஏற்கவில்லை. பழைய இயக்கியும் முடக்கப்பட்டிருந்தது. ஆய்வுக்குழுக் கூட்டத்துக்கு இரண்டு நாள்களே எஞ்சிய நிலையில் கணினி வெறும் எழுத்துத்திரையாய் நின்றது. தரவு அழியவில்லை எனினும், அதனைக் காட்டுவதற்குத் திரை இல்லை. அக்கூட்டத்தில் சொல்லடைவின் அச்சுப்படியை மட்டுமே முன்வைக்க நேர்ந்தது.

6. நிறுவும் முறை

பின்வரும் வரிசை நிலை (அ)வுக்கு உரியது. கட்டளைகள் அவற்றின் ஒலிப்பிலேயே தரப்படுகின்றன. முழு வடிவத்தை அந்தந்தக் கட்டளையின் கையேட்டுப் பக்கத்தில் காணலாம்.

*6.1 அடையாளம் காணல்.* எதையும் மாற்றுமுன் மூன்று செய்திகளைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளை அட்டையின் பெயரையும் அதனை இப்போது கையாளும் இயக்கியையும் காட்டும். ‘யூநேம்’ கட்டளை ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் முழுப் பதிப்பெண்ணைத் தரும். ‘இடிசி’ கோப்புறையிலுள்ள வெளியீட்டுக் கோப்பு இயங்குதளப் பதிப்பைக் கூறும். அட்டைக்குரிய வரிசை எது என்பதை டெபியனின் ‘என்விடியா-டிடெக்ட்’ நிரல் சொல்லிவிடும். தாளில் எழுதச் சொல்வதற்குக் காரணம் எளியது: திரை போனபின் கணினியிலுள்ள குறிப்பு உதவாது.

*6.2 இருக்கும் இயக்கியைச் சோதித்தல்.* ‘ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ’ தரும் விடையில் வரைபவரின் பெயர் ‘எல்எல்விஎம்பைப்’ என இருப்பின், வரைகலை அட்டை பயன்படவில்லை, மையச் செயலியே படங்களை வரைகிறது என்று பொருள். நூவோவின் பெயர் இருந்து பணியும் தடையின்றி நடைபெறுமாயின் இங்கேயே நின்றுவிடலாம். மூடிய இயக்கி கடைசித் தேர்வாகவே இருத்தல் வேண்டும்.

*6.3 மீளும் வழியை அமைத்தல்.* கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளை ஒருசேர அழுத்தி எழுத்துத்திரைக்குச் செல்லவும், அங்கிருந்து தொகுப்பொன்றை நீக்கவும் முன்னரே பழகிக்கொள்ள வேண்டும். கணினி தொடங்கும் பட்டியலில் ‘நோமோட்செட்’ என்னும் சொல்லைச் சேர்த்தால் கெர்னல் இயக்கிகள் திரையின் அமைவைக் கையிலெடாமல் ஒதுங்கும். குறைந்த தெளிவிலேனும் திரை கிடைக்கும். இவற்றை அறிந்திருந்தால் முற்கூறிய இரண்டு நாள்கள் வீணாகியிரா.

*6.4 களஞ்சியத்தின் முகவரியை மாற்றுதல்.* பராமரிப்பு முடிந்த டெபியன் பதிப்புகளின் தொகுப்புகள் ஆவணக் களஞ்சியத்துக்கு மாற்றப்படுகின்றன. ‘ஆப்ட்’டின் மூலப்பட்டியலில் பழைய முகவரிக்கு மாற்றாக ஆவணக் களஞ்சிய முகவரியை எழுதி, ‘மெயின்’, ‘கான்ட்ரிப்’, ‘நான்-ஃப்ரீ’ ஆகிய மூன்று பிரிவுகளையும் சேர்க்க வேண்டும். சில பட்டியல்களின் செல்லுபடிக் காலம் முடிந்துவிட்டதெனப் பிழைச்செய்தி வரலாம். காலச் சரிபார்ப்பை மட்டும் தளர்த்துவதற்குத் தனி அமைப்பு உண்டு, அதனைப் பயன்படுத்தலாம். கையொப்பச் சரிபார்ப்பை நீக்கலாகாது. முன்னது பட்டியல் பழையது என்பதை ஒப்புக்கொள்ளுதல். பின்னது பட்டியல் யாருடையது என்பதைக் கேளாமல் விடுதல்.

*6.5 கெர்னல் தலைப்புக் கோப்புகள்.* மூடிய இயக்கியின் ஒரு பகுதி ஒவ்வொரு கணினியிலும் அக்கணினியின் கெர்னலுக்கு ஏற்பத் தொகுக்கப்படுகிறது. ‘டிகேஎம்எஸ்’ என்னும் கருவி இதனைத் தானே செய்யும். அதற்கு, ஓடும் கெர்னலின் பதிப்பெண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒத்த தலைப்புக் கோப்புகள் வேண்டும். நிறுவல் தோல்வியுறும் இடங்களுள் முதன்மையானது இதுவே. களஞ்சியத்தில் உள்ள தலைப்புக் கோப்பு சற்றே பிந்தியதாயின், முதலில் கெர்னலையும் அப்பதிப்புக்கு உயர்த்தி, கணினியை மறுதொடக்கம் செய்து, அதன்பின் தலைப்புக் கோப்பை நிறுவுதல் முறை.

*6.6 இயக்கியை நிறுவுதல்.* அடுத்து 340எக்ஸ்எக்ஸ் எனக் குறிக்கப்பட்ட பழைய வரிசை இயக்கித் தொகுப்பை நிறுவ வேண்டும். டெபியன் தொகுப்பே நூவோவை முடக்கித் தொடக்க நினைவகக் கோப்பையும் புதுப்பித்துவிடும். கையால் முடக்க வேண்டுவதில்லை. மறுதொடக்கத்துக்கு முன் ‘டிகேஎம்எஸ்’ நிலையைக் கேட்டு, இயக்கி ‘நிறுவப்பட்டது’ என வருகிறதா எனப் பார்த்தல் இன்றியமையாதது. தொகுத்தல் தோற்றிருக்குமாயின் மறுதொடக்கம் செய்யாமல் தொகுப்பை நீக்கிவிடலாம், திரை பிழைக்கும். பாதுகாப்பான தொடக்கம் என்னும் வசதி இயங்கும் கணினிகளில், கையொப்பமிடாத இயக்கியைக் கெர்னல் ஏற்காது. சொந்தத் திறவுகோலைப் பதிந்து கையொப்பமிட வேண்டும். பழைய கணினிகள் பலவற்றில் இவ்வசதியே இல்லை.

*6.7 உறுதிசெய்தல்.* மீண்டும் ‘எல்எஸ்பிசிஐ’, ‘ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ’ இரண்டையும் ஓட்டி, 6.1இல் எழுதிய தாளோடு ஒப்பிட வேண்டும். அதன்பின் கெர்னல், இயக்கி ஆகிய தொகுப்புகளை மாறாமல் நிறுத்திவைக்கலாம்.

மேற்கண்ட வரிசையில் இரண்டாம் முறை முயன்றபோது, பல நாள் தேடியும் ‘ஆதரவில்லை’ என்றே விடைவந்த பணி ஒரு மாலைப்பொழுதுக்குள் முடிந்தது. மைப்படிப் படங்கள் இரண்டும் உறையாமல் அருகருகே நின்றன. ஐயத்துக்குரிய எழுத்துகளை உருப்பெருக்கிப் பார்த்துச் சொல்லடைவின் பதிவுகளைச் சரிபார்க்க முடிந்தது.

7. தவிர்க்க வேண்டியவை

பொருத்தம் கிடைத்துவிட்டது என்பதனால் பராமரிப்பும் கிடைத்துவிட்டதாகக் கொள்ளலாகாது. டெபியன் 10இன் வழக்கமான பாதுகாப்புப் பணி 2022 செப்டம்பரிலும் நீட்டிக்கப்பட்ட தன்னார்வப் பணி 2024 சூன் 30ஆம் நாளிலும் முடிவுற்றன. அதற்குப் பின் கண்டறியப்படும் குறைகளை டெபியன் திட்டம் திருத்தித் தருவதில்லை. கெர்னலுக்குள் ஓடும் மூடிய இயக்கிக்கு அக்கணினியின் எல்லாப் பகுதிகளும் திறந்தே உள்ளன. ஆதலின் இத்தகைய கணினியை நிறுவல் முடிந்தவுடன் இணையத்திலிருந்து துண்டித்துவிடுதலே தக்கது. தரவுப் பரிமாற்றத்துக்கு நினைவகக் குச்சி போதும். அதில் மின்னஞ்சலைத் திறப்பதும் வங்கிப் பணி மேற்கொள்வதும் கூடா.

புதிய பதிப்பின் களஞ்சியத்தைப் பழைய மூலப்பட்டியலில் கலத்தலும் தவறு. ஓர் இயக்கிக்காகக் கலக்கப்போய், எல்லா நிரல்களுக்கும் அடிப்படையான சி நூலகம் மாறிவிட, இயங்குதளமே பழையதுமன்றிப் புதியதுமன்றி நிற்கும். ஊர்பேர் அறியாதார் புதிய கெர்னலுக்கெனத் திருத்தித் தரும் மூடிய இயக்கிகளையும், எதனை மாற்றினார் என்பதைப் படித்தறிய இயலாவிடில், ஏற்காமலிருப்பதே நன்று.

8. ஆய்வுத்துறைக்குச் சில முன்மொழிவுகள்

மேற்கண்ட பட்டறிவிலிருந்து தமிழ்த்துறைகளின் கருத்துக்குச் சிலவற்றை முன்வைக்கலாம். முதலாவது, கணினி வாங்குங்கால் நினைவகத்தின் அளவையும் விலையையும் கேட்பதோடு, வரைகலை இயக்கி கெர்னலுக்குள் உள்ளதா என்பதையும் கேட்டல் வேண்டும். உரைத்தரவு, மைப்படி, சுவடிப்படம் ஆகியவற்றைக் கையாளத் தனி வரைகலை அட்டை பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

இரண்டாவது, ஆய்வேட்டில் நூற்பதிப்பைக் குறிப்பது போலவே, பயன்படுத்திய இயங்குதளம், நிரல்மொழி, நூலகம் ஆகியவற்றின் பதிப்பெண்களையும் குறித்தல் வேண்டும். முன்னை ஆய்வாளரின் நிரலில் அத்தகைய ஒரு வரி இருந்திருப்பின், எப்பதிப்பில் அது ஓடும் எனத் தேடிய காலம் மிஞ்சியிருக்கும்.

மூன்றாவது, தரவைச் சேமிக்கும்போது அதனைத் திறக்கும் நிரலையும், அந்நிரல் ஓடும் இயங்குதளத்தின் நிறுவல் படிமத்தையும் உடன் சேமித்தல் வேண்டும். கட்டற்ற மென்பொருளின் உரிமம் இதற்கு முழு இசைவு தருகிறது. டெபியனின் பழைய பதிப்புகள் இன்றும் கிடைப்பதற்குக் காரணம், யாரோ அவற்றைச் சேமித்துவைத்தமையும் அவ்வாறு சேமித்துப் பகிரச் சட்டம் தடையாக இல்லாமையுமே.

நான்காவது, பழைய கணினியில் கிடைத்த வாய்ப்பை இடைக்காலமாகவே கொண்டு, தரவை ஒருங்குறி உரைக்கோப்பாக வெளியேற்றிவிட வேண்டும். இயக்கியை நிறுவியது தரவை அங்கேயே வைத்திருப்பதற்காக அன்று; அங்கிருந்து நலமாக வெளிக்கொணர்வதற்காக.

9. முடிவுரை

‘ஆதரவு இல்லை’ என்னும் அறிவிப்பைக் கண்டதும், எதற்கு இல்லை, எப்பொருளில் இல்லை, எந்நாள் முதல் இல்லை என்னும் மூன்று வினாக்களை எழுப்ப வேண்டும் என்பது இக்கட்டுரையால் பெறப்படுகிறது. பராமரிப்பு நின்றதெனில் கணினியைத் தனிமைப்படுத்த வேண்டும். பொருத்தம் இல்லையெனில் வேறு இயக்கியையோ வேறு தளத்தையோ நாட வேண்டும். கிடைப்பிடம் மாறியதெனில் புதிய முகவரியைத் தேட வேண்டும். நோய் வேறாக மருந்தும் வேறாகும். தமிழில் ‘ஆதரவு’ என்னும் ஒரே சொல்லால் சுட்டாமல், இம்மூன்றையும் பராமரிப்பு, பொருத்தம், கிடைப்பு எனப் பிரித்து எழுதுவது கலைச்சொல் தெளிவுக்கும் நடைமுறைக்கும் துணைசெய்யும்.

இக்கட்டுரையாளரின் மேசைக்கணினியில் பழைய சொல்லடைவின் பதிவுகள் அனைத்தும் உரைக்கோப்புகளாக வெளியேற்றப்பட்டுவிட்டன. புதிய நிரலின் எண்ணிக்கைகள் அவற்றோடு ஒப்பிடப்பட்டு வருகின்றன. அப்பணி முடிந்தபின் அம்மேசைக்கணினியிலும் டெபியனின் பராமரிப்புள்ள பதிப்பே நிறுவப்படும்; அதன் திரையை நூவோ காட்டும்.